நூறு ரூபாவின் பெறுமதி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உடுப்பிட்டிச் சந்தையிலும் கடைகளிலும் நாம் விலை கேட்டுத் திகைத்த ஆண்டு 2022. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், ஓராண்டுக்குள் 69.8 வீதம் ஏறியிருந்தது. டொலருக்கெதிரே ரூபா வீழ்ந்தமையும், அச்சிட்ட பணம் பெருகியமையும், பொருட் தட்டுப்பாடும் இதற்குக் காரணங்களாயின. முன்பு 100 ரூபாவுக்கு வாங்கியதற்கு ஏறக்குறைய 170 ரூபா வேண்டியதாயிற்று. பெட்டியில் வைத்த நூறு ரூபாத் தாளை எவரும் திருடவில்லை. ஆயினும் அதன் வாங்கும் வலு 59 ரூபா அளவிற்குச் சுருங்கிவிட்டது. ஓய்வூதியத்தையும் சேமிப்பையும் நம்பியிருந்த முதியோர் பெரிதும் நலிந்தனர்.

2023 செப்டெம்பரில் அவ்வீதம் 1.3 ஆக இறங்கியது. விலை இறங்கிவிட்டதென்று சிலர் எண்ணினர். அது தவறு. ஏறும் வேகமே தணிந்தது. ஏறிய விலை பெரும்பாலும் ஏறியபடியே நின்றது.

ஆகவே, ஏழை மாணவருக்கு நம் சங்கம் அளிக்கும் உதவியை இத்தனை ரூபா என்று எழுதி வையாது, இத்தனை கொப்பி என்று எழுதி வைப்போமாக. ரூபாவின் இலக்கம் மாறாதிருந்தாலும் அது வாங்கும் கொப்பிகள் குறைந்துபோகும். பிள்ளைக்கு வேண்டிய கொப்பிகளோ குறைவதில்லை.