பிசகிய கணுக்கால்

கணுக்கால் பிசகினால் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு, வீக்கம் வடிந்ததும் அதனை மறந்துவிடுவது நம்மிடையே வழக்கம். அவ்வாறு மறக்கப்பட்ட கால் சிலருக்கு மேடுபள்ளத்தில் மீண்டும் மீண்டும் மடங்குகிறது. விளையாட்டையே கைவிடுவோரும் உண்டு. இதன் காரணத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பாதம் உட்புறமாக மடங்கும்போது, கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் இழுபட்டுக் கிழிகின்றன. அந்நார்களில் காலின் நிலையை அறிவிக்கும் நரம்பு நுனிகள் உள்ளன. நாரோடு அவையும் சிதைவதால் தசைகள் உரிய கணத்தில் காலைத் தாங்கத் தவறுகின்றன என்று 1965ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவர் ஃபிரீமனும் அவர்தம் துணைவரும் கருதினர். ஆடும் பலகைமேல் நின்று பழகுவதை அதற்குப் பரிகாரமாகக் கூறினர். மூளையும் தண்டுவடமும் இதில் பங்கு கொள்கின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

பயிற்சியால் விளையும் பயன் யாது? ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைப் பல திசைகளிலும் நீட்டச் செய்து சோதிப்பர். சில வாரப் பயிற்சிக்குப்பின் கால் எட்டும் தொலைவு மிகுகிறது. காலின்மேல் நம்பிக்கையும் வளர்கிறது. ஆனால் நடை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. குதிகால் தரையில் படும் வேளையில் பாதம் உட்புறம் சாயும் இயல்பு, பயிற்சிக்குப் பின்னும் சிலரிடம் நீடிக்கிறது. ஆகவே நிற்கப் பழகுவதோடு அமையாமல், நடக்கவும் தாவி இறங்கவும் தனியே பழகுதல் வேண்டும் என்பது என் துணிபு.

மாணவ நண்பர்களே! வீக்கம் வடிதல் குணத்தின் தொடக்கமே, முடிவன்று. தக்கவர் மேற்பார்வையில் காலைப் பழக்கிய பின்னரே ஆடுகளம் புகுங்கள்.