மில்லேயின் உருவம், வான் கோவின் வர்ணம்

பிறர் கலையில் மனத்தைப் பறிகொடுத்தவன் தன் தனித்தன்மையை இழப்பான் என அஞ்சுவோர் பலர். ஒல்லாந்து ஓவியர் வின்சென்ற் வான் கோவைப் பாருங்கள். உழவரை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மில்லேயை அவர் குருவாகவே போற்றினார். 1889ஆம் ஆண்டு தென்பிரான்சில், சென் றெமி மனநோய் விடுதியில், நோயின் நடுவே ஆறுதல் தேடி மில்லேயின் படங்களை மீண்டும் தீட்டலானார். அவை ஏறக்குறைய இருபது. ஆனால், அவர் கையிலிருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களே. உருவத்தை மில்லே தந்தார். வர்ணத்தை யார் தருவது? அதைத் தம் உள்ளத்திலிருந்தே எடுத்தார். பிறர் இயற்றிய இசையை வாத்தியக்காரன் தன் உணர்வோடு வாசிப்பதற்கு இதனை ஒப்பிட்டுத் தம்பிக்குக் கடிதமும் எழுதினார். நல்ல உவமைதான். மில்லேயின் உழவர் இருவர் நண்பகலில் வைக்கோல் நிழலில் உறங்கும் அந்த ஓவியம் இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அதன் மஞ்சளும் நீலமும் வான் கோவுடையவை.