சந்தடியில்லாத இடம்
(தோட்டக் கோயில் மண்டபத்தில் நடந்த கிளைக் கூட்டத்தில் பேசியது)

போன தீபாவளிக்குப் பட்டணத்திலிருந்து நம் வீட்டுக்கு உறவினர் ஒருவர் வந்திருந்தார். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்கு என்ன குறை? மோட்டார் சத்தம் உண்டா, கடன்காரன் சத்தம் உண்டா? கொடுத்து வைத்தவர்கள் ஐயா நீங்கள்!" என்றார். கடன்காரன் தோட்டத்துக்கும் வருவான் என்பதை அவரிடம் நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் பேச்சு மனத்தில் தங்கிவிட்டது. தோட்டத்தில் ஒரு பகுதியை விற்கப் பேச்சு நடக்கும் இந்த நேரத்தில், வீட்டு விஷயமாக நாலு வார்த்தை பேசுங்கள் என்று தலைவர் சொன்னார். அந்த உறவினர் சொன்ன அமைதியிலிருந்தே தொடங்குகிறோம்.

அமைதி உண்டு. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தவர்களுக்கு அது தெரியும். பனி சொட்டும் சத்தத்தையும், பட்டையில் உளி இழுபடும் சத்தத்தையும் தவிர வேறொன்றும் காதில் விழாது. காய் முற்றிய காலத்தில் வெயில் ஏறினால் உச்சியில் காய்கள் படீர் படீரென்று வெடிக்கும். புது ஆள் துப்பாக்கி என்று நினைத்துக் குனிந்துகொள்வார். இலையுதிர் காலம் வந்தால் காலடியில் காடு முழுவதும் சரசரக்கும்.

ஆனால் இந்த அமைதி நாம் கேட்டு வாங்கியதல்ல. அது மரம் வைத்த சட்டம். ராத்திரியில் மரம் நீரை இழுத்து நிறைந்திருக்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் அதிகமாயிருக்கும். வெயில் ஏறி இலை நீரை விட ஆரம்பித்தால் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால் இருட்டிலேயே எழுந்தோம். எழவேண்டியிருந்ததால் எட்டு மணிக்கே விளக்கை அணைத்தோம். அதைப் பார்த்துத்தான் விருந்தாளி அமைதி என்கிறார்!

மழைக் காலையைப் பற்றியும் சொல்லவேண்டும். பட்டை நனைந்துவிட்டால், வெட்டினாலும் பால் மங்கில் விழாது. மரத்தைச் சுற்றி வழிந்து வீணாய்ப் போகும். அப்படிப்பட்ட காலையைப் போல் சந்தடியில்லாத காலை தோட்டத்தில் வேறு கிடையாது. பேர் விழுந்தால்தான் சம்பளம் என்றிருந்த நாட்களில், அந்தச் சந்தடியில்லாத காலையில்தான் தாய்மார்கள் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். செக்ரோல் எழுதிய கிராணிமார்களும் அதை அறிவார்கள்.

வெளியே அமைதி, லயத்துக்குள்ளே? பழைய பலகை லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது. காற்றோட்டத்துக்காக என்று சொல்லிக்கொண்டார்கள். மூன்றாம் வீட்டுக்காரர் இருமினால் ஐந்தாம் வீட்டில் கஷாயம் கொதிக்கும். புருஷன் பெண்சாதி சண்டை காலையில் பெரட்டுக் களத்துக்கு நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். வயசுப் பெண்களுக்கு அதில் எவ்வளவு சங்கடம் என்பதை நாம் அந்நாளில் நினைத்துப் பார்த்ததில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பத் தேவையில்லை. பத்து வீட்டுக் கதவும் தாமாகத் திறக்கும்.

அடுத்தது தூரம். அமைதியைத் தருவதே தூரந்தானே! பெரிய சாலையிலிருந்து செம்மண் ரோட்டில் ஆறு மைல் உள்ளே இருந்தால் எந்த இடமும் அமைதியாகத்தான் இருக்கும். நாம் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், ஒரு ராத்திரி ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டது. டிரெசர் லீவில் போயிருந்தார். லோரிச் சாவி எங்கேயென்று தேடி எடுப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிற்று. மூன்றாம் மைல் கல்லுக்கருகில், பால் பீப்பாய்களுக்கு நடுவே குழந்தை பிறந்தது. தெய்வாதீனமாகத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பையனுக்கு என்னவோ நல்ல பெயர்தான் வைத்தார்கள். லயத்தில் அவனை 'லோரி' என்றே கூப்பிட்டோம். இன்று சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஊருக்கு வந்தால் அவனும் சிரிக்கிறான், நாமும் சிரிக்கிறோம். அந்த ராத்திரி யாரும் சிரிக்கவில்லை.

பயத்தினால் வந்த அமைதியும் உண்டு. 1943-ல் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, லயம் லயமாக ஆண்கள் போனார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். பல தோட்டங்களில் லயங்களை ஓரிடத்தில் கூட்டி முள்வேலி போட்டார்கள். பொழுது சாய்ந்தால் வெளியே தலை காட்டக் கூடாது. சோற்றுப் பொட்டலத்தைக் காட்டுக்குக் கொண்டு போகக்கூடத் தடை இருந்த இடங்கள் உண்டு. அந்த ராத்திரிகளும் சந்தடியில்லாத ராத்திரிகள்தாம்.

இப்பொழுது விஷயத்துக்கு வருவோம். சுதந்திரம் வந்த 1957-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். மரத்தோடு வீடும் போயிற்று. மூன்று தலைமுறை குடியிருந்தவர்கள் மூட்டையைக் கட்டினார்கள். அன்று அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம். அந்தப் பத்து வெள்ளியைக் கொடுக்கக் கம்மலை அடகு வைத்த தாய்மார்களை நாம் அறிவோம்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகப் போதும். தோட்டங்கள் தாமான்களாயின. தொழிலாளர் வீட்டுக்குத் தண்ணீர், விளக்கு, அறை எப்படியிருக்க வேண்டுமென்று 1990-ல் ஒரு சட்டம் வந்தது. 2019-ல் அதைத் திருத்தினார்கள். நல்லதுதான். ஆனால் வீடு யார் பேரில் இருக்கவேண்டும் என்பது அதில் இல்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீட்டையும் விடவேண்டும். நம் லயத்தின் மேல்வரிசையில் இன்று நான்கு குடும்பம். மற்ற வீடுகளில் சில பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் வங்காளதேசத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் நம் பாட்டன்மாரைப் போல் கடல் தாண்டி வந்தவர்களே. அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. ஆயாக்கொட்டகை மூடிக் கிடக்கிறது. பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டு நாளாயிற்று. இந்த அமைதியையும் விருந்தாளி பாராட்டினார்!

வீட்டுக்குப் பதிலாக அடுக்குமாடி தருகிறோம் என்று பேச்சு அடிபடுகிறது. அப்படிப் போன ஒரு பாட்டியைச் சென்ற மாதம் போய்ப் பார்த்தோம். நான்காம் மாடி, மின்தூக்கி அன்று வேலை செய்யவில்லை. ஆடு இல்லை, முருங்கை இல்லை. சத்தம் தொந்தரவாயிருக்கிறதா ஆத்தா என்று கேட்டோம். "சத்தம் கிடக்கட்டும்ப்பா. கதவைத் திறந்தா எதிர்ல இருக்குறது யாருன்னே தெரியல" என்றார்.

ஆகவே நாம் கேட்பது தரையிலே வீடு, இதே சாலையோரத்தில், கோயிலும் சுடுகாடும் நடந்து போகும் தூரத்தில், பட்டாவோடு. கொஞ்சம் சந்தடி இருந்தாலும் பரவாயில்லை, பஸ் வரட்டும்!

மனுவோடு சேர்க்கப் பட்டியல் வேண்டும். மேசையில் தாள் இருக்கிறது. குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை வருஷ வேலை, அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுதச் சிரமப்படுகிறவர்களுக்குக் கிராணியார் எழுதித் தருவார். ஒன்று மட்டும் மறக்கவேண்டாம்: புருஷன் பேருக்குப் பக்கத்தில் பெண்சாதி பேரையும் எழுதுங்கள். புருஷன் கண்ணை மூடிய மூன்றாம் மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வாங்கிய ஒரு தாய் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பேரை முதல் வரியில் நாமே எழுதிவிட்டோம்.