பத்து ரூபாயில் எத்தனை ரூபாய்?

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



சென்ற கூடுகையில் உங்களில் ஒருவர் எழுந்து, "மூட்டு வியாதிக்காரருக்கு நாங்கள் அனுப்பும் மருந்துப் பணம் பலன் தருகிறதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நாங்கள், "தேவ கிருபையால் நன்றாயிருக்கிறார்கள்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டோம். அது பதில் அல்ல. இன்று ஒழுங்காகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. முடக்குவாதத்தை எதைக் கொண்டு அளப்பது? வயதானபின் முழங்கால் தேய்வதை நாங்கள் சொல்லவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்கி, விரல்களைக் கோணலாக்கிவிடுகிற நோயைச் சொல்லுகிறோம். பெண்களுக்கே அதிகம், முப்பது, நாற்பது வயதிலும் வரும். 1996-ல் புனேக்கு அருகே பிக்வான் கிராமத்தில் டாக்டர் அரவிந்த் சோப்ரா குழுவினர் வீடு வீடாகப் பார்த்ததில், பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 5 பேருக்கு இந்த நோய் இருந்தது.

இரத்தத்தில் இ.எஸ்.ஆர். பார்ப்பது உண்டு. ஆனால் இரத்தசோகை இருந்தாலும் அது ஏறும். எங்களிடம் வரும் பெண்களில் இரத்தசோகை இல்லாதவர் குறைவு. ஆகவே எங்கள் டாக்டரம்மா 2005-ல் வியன்னாவில் அலெட்டாஹா, ஸ்மோலன் என்ற மருத்துவர்கள் வகுத்த ஒரு கணக்கைப் பின்பற்றுகிறார்கள். இதற்கு இரத்தப் பரிசோதனை தேவையில்லை. இரு கை விரல்களின் மூட்டுகள் 20. மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் இரண்டிரண்டாக 8. ஆக 28 மூட்டுகள். அமுக்கினால் வலிப்பவை எத்தனை, வீங்கியிருப்பவை எத்தனை என்று சிஸ்டர் எண்ணுகிறார். அதோடு நோயால் தனக்கு எவ்வளவு கஷ்டம் என்று வியாதியஸ்தர் பத்துக்கு ஒரு மார்க், டாக்டர் தன் மதிப்பில் பத்துக்கு ஒரு மார்க். எல்லாவற்றையும் கூட்டினால் உச்சம் 76. 10 வரை நோய் குறைவு, 22 வரை நடுத்தரம், அதற்குமேல் கடுமை. 2.8-க்குள் வந்தால் நோய் அடங்கியது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கில் பாதம் சேராது. வியன்னாவில் எப்படியோ, மலைச்சரிவில் நாளெல்லாம் ஏலக்காய் எடுக்கிறவர்களுக்குப் பாதம்தான் முதல் மூட்டு. எங்கள் டாக்டரம்மா செருப்பைக் கழற்றச் சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை.

வெறுமனே எண்ணுவதால் என்ன பிரயோஜனம் என்று நீங்கள் கேட்கலாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 110 பேரை இரு பிரிவாக்கி 18 மாதம் கவனித்தார்கள். முடிவு 2004-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவை மாதந்தோறும் அளந்து, எண் இறங்காவிட்டால் மருந்தைக் கூட்டினார்கள். புதிதாக வந்த விலையுயர்ந்த மருந்து எதுவும் இல்லை. அளந்து கவனித்தவர்களில் 100-க்கு 65 பேருக்கு நோய் அடங்கிற்று. மற்றவர்களில் 16 பேருக்கே. நீங்கள் வாங்கித் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் பழைய மருந்துதான். (வாரத்தில் ஒரே நாள்தான் அதைச் சாப்பிட வேண்டும், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆராதனை நாளோடு சேர்த்து ஞாயிறு என்று சொன்னால் மறக்கமாட்டார்கள்.)

எண் மட்டும் போதாது. என்ன வேலை செய்ய முடிகிறது என்றும் கேட்கவேண்டும். அமெரிக்காவில் டாக்டர் ஜேம்ஸ் ஃப்ரீஸ் 1980-ல் வெளியிட்ட கேள்வித்தாளில், இறைச்சியை வெட்ட முடிகிறதா, தொட்டியில் குளிக்க முடிகிறதா என்றெல்லாம் இருக்கும். உத்தமபாளையத்துக்காரரிடம் தொட்டிக் குளியலைப் பற்றிக் கேட்டால் சிரிக்கமாட்டாரா? 2002-ல் நம் நாட்டு மருத்துவர்கள் இதை நமக்கேற்ப மாற்றி 12 கேள்விகளாக்கினார்கள்: சேலை கட்ட முடிகிறதா, கழிப்பறையில் குந்த முடிகிறதா, தரையில் சம்மணமிட முடிகிறதா, ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா. நாங்கள் வாயால் இன்னொன்று சேர்த்துக் கேட்போம்: ஜீப்பில் ஏற முடிகிறதா? விடியுமுன் கம்பம்மெட்டு வழியாய் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்பில் ஏறமுடியாதவருக்கு அன்று கூலி இல்லை.

எழுத்தறியாதவர்களுக்குக் கேள்விகளை வாசிக்கும் ஊழியத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். பத்துக்கு மார்க் போடுவது அவர்களுக்குப் புரியாததால், பத்து ஒரு ரூபாய் நாணயங்களை மேஜையில் வைப்போம். "உங்க கஷ்டம் பத்து ரூபாயில எத்தனை ரூபாய், அம்மா?" சட்டென்று புரிந்துகொள்வார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாற்பது வயது கடந்த ஓர் அம்மாள், ஆறு மாதமாய் மருந்து சாப்பிடுகிறவர், வந்திருந்தார். வலிக்கும் மூட்டு 4, வீக்கம் 3, டாக்டரின் மார்க் 2. நாங்கள் நாணயங்களை நீட்டினோம். அவர் ஒரே ஒரு ரூபாயை நகர்த்தி, "கர்த்தர் கிருபையால பரவாயில்ல ஐயா" என்றார். கூட்டினால் 10. நோய் குறைவு, மருந்தை மாற்றவேண்டியதில்லை. நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டோம்.

வராந்தாவில் அவர் மகள் எங்களைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா மூணு வாரமா மலைக்குப் போகலைங்க ஐயா. ஜீப்புல கால் தூக்கி வைக்க முடியல. சோறு பிசையறதே கஷ்டம்." திரும்பக் கூட்டிக்கொண்டு போனோம். இம்முறை சிஸ்டர் கேட்டார்; நாங்கள் வெளியே நின்றோம். ஆறு ரூபாய். கூட்டினால் 15. நடுத்தரம், மருந்தைக் கூட்டவேண்டும். பாதத்தை மறுபடி அமுக்கிப் பார்த்தபோது அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டார்.

ஏன் மறைத்தீர்கள் என்று சிஸ்டர் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை உங்களிடம் சொல்லியாகவேண்டும். "ஐயா போன தடவை தலையில கை வச்சு ஜெபிச்சாரு. மருந்தும் தர்மத்துக்குக் குடுக்கிறாங்க. இன்னும் வலிக்குதுன்னு எந்த வாயால சொல்றது?"

எங்கள் ஜெபத்தையும் உங்கள் காணிக்கையையும் கனம்பண்ணுவதற்காக அந்த அம்மாள் ஐந்து ரூபாய் வலியை மறைத்தார். அன்றுமுதல் நாணயங்கள் சிஸ்டரின் மேஜையில் இருக்கின்றன. எண் எழுதியபிறகுதான் நாங்கள் உள்ளே போய் ஜெபிக்கிறோம். மருந்து யார் பணத்தில் வருகிறது என்பதையும் அந்த அறையில் யாரும் பேசுவதில்லை. உங்கள் பெயர் அங்கே சொல்லப்படவில்லையே என்று வருத்தப்படாதிருங்கள். சாட்சிக் கடிதம் கேட்டு எழுதுகிறவர்களுக்கும் இனி அட்டையில் உள்ள எண்ணையே அனுப்புவோம், ஏறினாலும் இறங்கினாலும்.

மருந்தைக் கூட்டியபின் அந்த அம்மாளின் கணக்கு 15-லிருந்து 13 ஆயிற்று. சென்ற மாதம் 11. பத்துக்குள் இன்னும் வரவில்லை. இரத்தமும் ஈரலும் மருந்தைத் தாங்குகின்றனவா என்று பரிசோதித்துக்கொண்டே போகிறார்கள். இப்பொழுது வாரத்தில் மூன்று நாள் மலைக்குப் போகிறார். ஜீப்பில் தானே ஏறிவிடுகிறார். இறங்கும்போதுமட்டும் யாராவது கையைப் பிடிக்கவேண்டியிருக்கிறது.