வோல்ட் என்றால் என்ன?



மின்கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. மழையில் அந்தக் கம்பி அறுந்து தரையில் விழுகிறது. பக்கத்தில் நடந்த மாடு துடித்துச் சாகிறது. மாடு கம்பியைத் தொடவே இல்லை. இது எப்படி?

முதலில் தண்ணீரைப் பாருங்கள். தொட்டி உயரத்தில் இருக்கிறது. குழாய் கீழே இருக்கிறது. அதனால் தண்ணீர் பாய்கிறது. இரண்டு தொட்டிகளில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால், நடுவில் குழாய் போட்டாலும் தண்ணீர் ஓடாது. ஓடுவதற்கு மேடு பள்ளம் வேண்டும்.

மின்சாரத்துக்கும் ஒரு மட்டம் உண்டு. அதற்கு மின்னழுத்தம் என்று பெயர். இரண்டு இடங்களின் மின்னழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை வோல்ட் கணக்கில் சொல்கிறார்கள். 1800-ஆம் ஆண்டில் மின்கலத்தை உலகுக்கு அறிவித்த இத்தாலி விஞ்ஞானி வோல்டாவின் பெயரால் வந்தது இந்த அளவு. டார்ச் விளக்கின் ஒரு பேட்டரி 1.5 வோல்ட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஊருக்கு வரும் பெரிய லைன் பெரும்பாலும் 11,000 வோல்ட்.

காக்கையின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில் இருக்கின்றன. கால்களுக்கு நடுவே மேடு பள்ளம் இல்லை. அதனால் அது பிழைக்கிறது. சிறகு இன்னொரு கம்பியிலும் பட்டால் செத்துவிடும்.

தரையில் நின்று கம்பியைத் தொடுபவருக்கு, கை மேட்டில் இருக்கிறது. கால் பள்ளத்தில் இருக்கிறது. மின்சாரம் உடம்பு வழியே பாய்கிறது.

கம்பி விழுந்த இடத்தில் தரையிலும் மின்னழுத்தம் ஏறுகிறது. தள்ளிப் போகப் போக அது குறைகிறது. மாட்டின் முன்கால் ஓரிடம், பின்கால் ஓரிடம். இரண்டுக்கும் நடுவே வேறுபாடு அதிகம். மின்சாரம் இதயம் வழியே போகிறது. மாடு செத்தது இதனால்தான்.

ஆகவே, அறுந்த கம்பியின் அருகே போகாதீர்கள். மாட்டையோ மனிதரையோ காப்பாற்றக்கூட ஓடாதீர்கள். மற்றவர்களையும் தடுத்து நிறுத்துங்கள். உடனே மின்சார அலுவலகத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். தெரியாமல் அருகே போய்விட்டால் அகலக் கால் வைக்காதீர்கள். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, தரையை விட்டுத் தூக்காமல், சிறிது சிறிதாக நகர்ந்து விலகுங்கள்.

இதை இன்றே வீட்டில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மாடு மேய்ப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.