பேனிக் அட்டாக்: பர்ஸில் இருக்கிற மாத்திரையும் தினமும் போடுற மாத்திரையும்

போன எபிசோடில் பேனிக் அட்டாக்னா என்னன்னு பார்த்தோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "டாக்டர், இதுக்கு மாத்திரை இருக்கா? போட்டா அடிமையாயிடுவோமா?" இன்னிக்கு அதை மட்டும் பேசுவோம்.

ஒரு உதாரணம் வச்சுக்கலாம். ஸ்ரீரங்கத்தில் வீடு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேலை, நாற்பது வயசு அம்மா ஒருத்தங்க. காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசல்ல நிக்குது. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, கை மரத்துப்போகுது, உயிரே போயிடும்னு தோணுது. ஆஸ்பத்திரிக்கு ஓடினா ஈசிஜி நார்மல். "ஒண்ணுமில்லம்மா, கேஸ்தான்"னு அனுப்பிடறாங்க. முதல் தடவை ஈசிஜி, தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்க்கத்தான் வேணும். ஆனா அந்த "ஒண்ணுமில்ல" தான் சிக்கல். ரெண்டு மாசத்தில் அவங்க பஸ் ஏறுறதை விட்டுடுவாங்க. ஆறு மாசத்தில் துணைக்கு ஆள் இல்லாம பாலமே தாண்ட மாட்டாங்க.

இந்த நேரத்தில் யாராவது அல்பிரஸோலம் ஒரு அட்டை கொடுப்பாங்க. இல்லன்னா குளோனஸெபாம். ரெண்டும் ஒரே குடும்பம், பென்சோடையஸெபைன். வேலை செய்யும், சீக்கிரமாவே செய்யும். ஆனா ஒரு கணக்கு பாருங்க. பேனிக் அட்டாக் பத்து நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள தானா இறங்கிடும். முழுங்கின மாத்திரை ரத்தத்தில் கலந்து வேலை காட்டவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். அதாவது, தானா அடங்கினதுக்குப் பேரை மாத்திரை வாங்கிக்குது. அப்புறம் பர்ஸில் அட்டை இல்லன்னாலே படபடப்பு வரும். உடம்பும் பழகிடும், அளவு ஏறும். மாசக்கணக்கா போட்டுட்டு ஒரே நாளில் நிறுத்தினா தூக்கம் போகும், நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். குடிக்கிறவங்களுக்கு இது இன்னும் ஆபத்து, ரெண்டும் சேர்ந்தா மூச்சு மந்தமாகும். வயசானவங்க ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை உடைச்சுக்கறதுக்கும் இது ஒரு காரணம். பிள்ளைங்க வெளிநாட்டில், இங்க பெரியவங்க ரெண்டே பேர்னு இருக்கிற வீடுகளில் இதைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க.

மெடிக்கல்ல சீட்டு கேக்கறாங்கன்னு கோபப்படாதீங்க. 2014 மார்ச் 1-லேர்ந்து அல்பிரஸோலம் ஹெச்1 பட்டியலில் இருக்கு. டாக்டர் பேர், உங்க பேர், எத்தனை மாத்திரைன்னு கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். சீட்டில்லாம கொடுக்கிறவர்தான் உங்களுக்குக் கெடுதல் பண்றார்.

அப்போ சரியான மருந்து எது? இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1950-களின் கடைசியில் நியூயார்க் ஹில்சைட் ஆஸ்பத்திரியில் டொனால்ட் கிளைன்னு ஒரு மனநல மருத்துவர், இமிப்ரமின்ங்கற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழிச்சும் நோயாளிகள் "ஒரு முன்னேற்றமும் இல்ல"ன்னுதான் சொன்னாங்க. ஆனா வார்டில் இருந்தவங்க வேற ஒண்ணைக் கவனிச்சாங்க. "செத்துடுவேன்"னு நர்ஸ்கிட்ட ஓடி வர்றது நின்னுபோச்சு. அட்டாக் நின்னுடுச்சு, 'மறுபடி வந்துடுமோ'ங்கற பயம் மட்டும் மிச்சம். நம்ம அம்மா கதையும் இதேதான். அட்டாக்கை மருந்து நிறுத்தும். பாலத்தை அவங்கதான் தாண்டிப் பழகணும்.

இன்னிக்கு முதலில் கொடுக்கிறது எஸ்எஸ்ஆர்ஐ வகை: எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸெட்டின். தினமும் போடணும், பலன் தெரிய ரெண்டுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். இதில்தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. முதல் வாரம் குமட்டல் வரலாம், படபடப்பே கொஞ்சம் கூடலாம். அதனாலதான் எஸ்சிட்டலோபிராம்னா 5 மில்லிகிராம், செர்ட்ராலின்னா 25-ன்னு சின்னதா ஆரம்பிக்கிறோம். இதைச் சொல்லாம கொடுத்தா மூணாம் நாளே நிறுத்திடுவாங்க. இளவயசுக்காரங்களுக்குத் தற்கொலை எண்ணம் ஏதாவது வந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். தாம்பத்தியத்தில் ஆர்வம் குறையலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமலே மருந்தை விட்டுடறாங்க. சொன்னா அளவை மாத்தலாம், மருந்தையே மாத்தலாம்.

ஆரம்ப வாரங்களில் பென்சோடையஸெபைனையும் கொஞ்ச நாளைக்குச் சேர்த்துக் கொடுக்கறது உண்டு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்ல, எப்போ நிறுத்தறதுன்னு அன்னிக்கே சீட்டில் எழுதிட்டா. ப்ரொப்ரனலோல் கைநடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும், பேனிக் அட்டாக்குக்குப் பெரிசா உதவாது. வீசிங் இருக்கிறவங்க தொடவே கூடாது.

எவ்வளவு நாள்? நல்லான பிறகும் ஏறக்குறைய ஒரு வருஷம். எஸ்எஸ்ஆர்ஐ போதை மருந்து இல்ல, ஆனாலும் சட்டுனு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல் வரும். படிப்படியா குறைக்கணும். கர்ப்பம்னு தெரிஞ்சதும் தானா நிறுத்திடறதும் வேண்டாம், டாக்டர்கிட்ட பேசுங்க. ஏற்கனவே பல வருஷமா அல்பிரஸோலம் போடறவங்க இதைக் கேட்டுட்டு நாளைக்கே தூக்கிப் போட்டுடாதீங்க. அதையும் வாரக்கணக்கில், மாசக்கணக்கில்தான் இறக்கணும்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். நாட்டிலேயே மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கின நாலு மாவட்டங்களில் திருச்சியும் ஒண்ணு, 1996-லேயே. புத்தூர் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் மருந்து இலவசம். ராத்திரி நேரத்தில் யார்கிட்டயாவது பேசணும்னா டெலி மானஸ், 14416, தமிழ்லயே பேசலாம்.

மருந்தோட சேர்த்து அந்தப் பாலத்தை எப்படி ஒவ்வொரு நிறுத்தமா தாண்டிப் பழகறதுன்னு அடுத்த எபிசோடில் பார்ப்போம்.