வயலோரம் ஒரு ஜெபம்



தனி ஜெபத்துக்கு உட்கார்ந்தால் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஜார்ஜ் முல்லரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. 1805-இல் பிரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அனாதைக் குழந்தைகளை வளர்த்தவர். யாரிடமும் கையேந்தாமல், தேவைகளைக் கடவுளிடம் மட்டுமே சொன்னவர்.

அப்படிப்பட்டவருக்கே காலை ஜெபம் எளிதில் கைகூடவில்லை. எழுந்து உடுத்தியதும் முழங்கால்படியிடுவார். மனமோ கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம்கூட அலையும். பல ஆண்டுகள் இப்படியே போனதாம். இதை அவரே ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1841 வாக்கில் வரிசையை மாற்றினார். முதலில் வேதவாசிப்பு, பிறகுதான் ஜெபம். கண்ணுக்குச் சிரமம் தராத பெரிய எழுத்துப் புதிய ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு, காலை உணவுக்கு முன் வயல்வெளியில் நடப்பார். கொஞ்சம் வாசிப்பார், அதையே அசைபோடுவார். பிரசங்கக் குறிப்புக்காக அல்ல, தன் ஆத்துமாவின் பசிக்காக. சில நிமிடங்களில் அந்த வசனமே நன்றியாகவோ, பாவ அறிக்கையாகவோ, பிறருக்கான மன்றாட்டாகவோ மாறிவிடும். ஜெபிக்க உட்காராமலே ஜெபம் தொடங்கியிருக்கும்.

அந்தக் காலைப் பழக்கத்தை அவர் விடவேயில்லை. 1898 மார்ச்சில், 92 வயதில் இறந்தார். அதற்கு முந்தின நாள் மாலையிலும் ஜெபக்கூட்டத்தை நடத்திவிட்டுத்தான் படுக்கப் போனார்.